இடி அக்காவின் ரயில்

இடி அக்கா என்ற பெயரை அவருக்கு வைத்தது நான் இல்லை. ஆனால் அந்தப் பெயர் விழுந்த மாலையில் நானும் அங்கே இருந்தேன்.

அப்போது அவர் எங்கள் நாடகக் குழுவில் ஆளே இல்லை. அவர் வீட்டுக்காரர் தச்சர். எங்கள் நாடகங்களுக்குக் கதவு, ஜன்னல், சிம்மாசனம், சிறைக்கம்பி எல்லாம் செய்து கொடுப்பவர். அவரோடு ஒத்திகை பார்க்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார் அக்கா. ஒலி போடுகிற ஆள் வரவில்லை. டைரக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "நான் அமுக்கட்டுமா?" என்று அக்கா எழுந்து வந்தார்.

டேப் ரெக்கார்டர் காலம் அது. வில்லன் மேசையை ஓங்கி அடிக்கிற நொடியில் இடி இடிக்க வேண்டும். எங்கள் இடி அதுவரை ஒன்று முந்திக்கொண்டு வரும், இல்லையென்றால் எல்லோரும் மறந்த பிறகு வரும். அன்றைக்கு வில்லனின் உள்ளங்கை பலகையில் படவும் இடி விழவும் அப்படியே பொருந்தியது. வில்லனே பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார். "யாரம்மா அது இடி?" என்று டைரக்டர் கேட்டார். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

பகலில் அவர் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறார். முன்பக்கம் கண்ணாடியில் முகம் பார்த்து ஃபிரேம் தேர்ந்தெடுக்கிற கூட்டம். பின்பக்கம் இவர், ஒரு மேசை விளக்கு, லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கிற மிஷின், கடுகு போன்ற திருகுகள் நிறைந்த ஒரு டப்பா. மாலையில் கை கழுவிக்கொண்டு நேராக ஒத்திகைக்கு வந்துவிடுவார். நகத்திடுக்கில் வெள்ளைத் தூள் மட்டும் போகாது.

நான் திரை ஓரத்தில் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறவன். காதில் ஒரு ஹெட்போன் மாட்டியிருப்பேன். அரங்கின் பின்சுவரில், கடைசி வரிசைக்கு மேலே இருக்கிற கண்ட்ரோல் அறையில் பேசுவதெல்லாம் அதில் கேட்கும், நான் பேசுவதும் அங்கே கேட்கும். அந்த அறையில் இரண்டு பேர். ஒருவர் இடி அக்கா. இன்னொருவர் லைட் போடுகிற எலக்ட்ரீஷியன். இடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு அவருக்கு மின்னல் என்று பெயர் வந்தது. இடியும் மின்னலும் ஒரே அறையில் இருந்தால் எப்படியிருக்கும்? அங்கே ஒரே ஒரு மின்விசிறிதான். அது யார் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்ற வழக்கு வருடக்கணக்கில் நடக்கிறது, தீர்ப்பு வந்தபாடில்லை.

டேப் போய் சிடி வந்தது. சிடி போய் லேப்டாப் வந்தது. லேப்டாப்பை அக்காவே வாங்கினார். கணவரின் தம்பி கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார், அங்கேதான் எடுத்தார். அதில் ஒரு நாடகத்தின் ஒலிகளை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு பொத்தானைத் தட்டினால் கதவு தட்டப்படும், அடுத்து தட்டினால் நாய் குரைக்கும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மிஷினுக்கு வயதாக ஆக, பேட்டரி செத்துப்போய் எப்போதும் வயரோடுதான் ஓடும் என்றானது. திறந்ததும் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் சுற்றும். அதையும் சகித்துக்கொண்டார்.

சகிக்க முடியாதது ரயில் நாடகத்தில்தான் நடந்தது.

அந்த நாடகம் எங்கள் டைரக்டர் எழுதியது. ஒரு பெண், ஊரைவிட்டுப் போன மகனுக்காக தினமும் ஸ்டேஷனுக்கு வருகிறாள். கடைசிக் காட்சியில் தூரத்தில் ரயில் வருகிறது. அவள் கையைத் தூக்குகிறாள். ரயில் நிற்காமல் அவளைக் கடந்து போய்விடுகிறது. தூக்கின கை மெதுவாக இறங்குகிறது, திரை. கடைசிக் காட்சியில் ஒரு சொல் வசனம் கிடையாது. எல்லாம் அந்த ரயில்தான். அம்மாவாக நடித்தவர் நிஜத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ்; நாங்களும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

ஊரின் பெரிய அரங்கம், நிறைந்த கூட்டம். முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸம்மா கையைத் தூக்கினார். ரயில் வரவில்லை.

"அக்கா, ரயில்" என்றேன் ஹெட்போனில்.

"வராதுப்பா" என்றார் அக்கா. அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை. "ஸ்கிரீன் பூரா நீலமா இருக்கு. அப்டேட் ஆகுதாம். அணைக்காதீங்கன்னு போட்டிருக்கு."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது என்கிட்ட சொல்லலை."

மேடையில் தூக்கின கை தூக்கினபடியே நின்றது. அப்போது எதிர்ப்பக்கத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த போர்ட்டர் வேஷக்காரர், நல்ல மனசோடுதான், வாயைக் குவித்து "கூஊஊ... சுக்கு சுக்கு சுக்கு" என்றார். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அழுதுகொண்டிருந்தவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். நர்ஸம்மா கையை இறக்கிக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டார். திரையை இழுத்துவிட்டோம்.

டைரக்டர் அக்காவை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்லம்மா, மிஷின்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் அக்கா நன்றாகத் தூங்கியிருப்பார் என்று தச்சர் பிறகு சொன்னார்.

மறுநாள் அக்கா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கொழுந்தனார் கடைக்குப் போனார்.

"உங்க மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு அண்ணி" என்றார் அவர், மிஷினைப் புரட்டிப் பார்த்துவிட்டு. "அது அப்டேட் பண்ணட்டுமா, பண்ணட்டுமான்னு எத்தனையோ நாளா கேட்டிருக்கு. நீங்க அப்புறம், அப்புறம்னு தள்ளிட்டே இருந்திருக்கீங்க. கடைசில அதுவே முடிவு பண்ணிடுச்சு."

"நான் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தானே தம்பி?"

"அப்படி இல்ல அண்ணி. அதுவும் இல்லாம, மிஷின் பழசாயிடுச்சு. சிஸ்டத்தோட அடுத்த வெர்ஷன் இதுல ஏறாது. இந்த வெர்ஷனுக்கும் சீக்கிரமே அப்டேட் எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. புதுசு எடுத்துடுங்க, உங்களுக்குக் குறைச்சுத்தான் போடுவேன்."

"புதுசு நடுவுல நிக்காதா?"

"சரியா செட் பண்ணி வச்சா நிக்காது. அப்பப்ப கேக்கும், நீங்க பாத்துக்கணும்."

"என் மிஷின் என்னை எதுக்குப்பா கேக்கணும்? நான்தானே அதைக் கேக்கணும்?"

அக்கா லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

அடுத்த ஒத்திகையில் மின்னல் வழக்கம்போல ஆரம்பித்தார். "இனிமே உங்க மிஷினுக்கு என்னைக்கு நேரம் ஒழியும்னு கேட்டுத்தான் நாடகத்துக்குத் தேதி வைக்கணும் போல."

"வாயைக் கிளறாதீங்க, சொல்லிட்டேன்."

மின்னல் தன் லைட் போர்டைத் தட்டிக் காட்டினார். "இது எப்பவாச்சும் நடுவுல நின்னு பாத்திருக்கீங்களா?"

"இல்ல. அதுக்கு?"

"இதுக்குள்ள ஓடறது லினக்ஸ்னு வேற ஒரு சிஸ்டம். ஒரு தடவை ரிப்பேருக்குத் திறந்தப்ப ஸ்கிரீன்ல எழுத்தா ஓடுச்சு. ரிப்பேர்காரரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். சும்மாவே கிடைக்குமாம், லேப்டாப்லயும் போடலாமாம். கதவு திறந்து வச்ச சமையலறை மாதிரி, யார் வேணாலும் உள்ள போய் என்ன வேகுதுன்னு பாக்கலாம், உப்பு பத்தலன்னா போடலாம்."

"எனக்குப் போட்டுத் தர உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு லைட்டை விட்டா ஒண்ணும் தெரியாது. காதுல போட்டு வச்சேன், அவ்வளவுதான்" என்று மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்காவின் காதில் விழுந்தது உள்ளே இறங்கிவிட்டது. கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் டப்பா, ஒரு கையில் போன் என்று லினக்ஸைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். முதலில் படித்ததில் பாதிக்கு மேல் புரியவில்லை. லினக்ஸ் என்றால் ஒன்றே ஒன்று இல்லை, அதற்குள் பல வகை உண்டு என்று தெரிந்தபோது, "ஃபிரேம் கடை மாதிரியே இருக்கு. எல்லாம் கண்ணாடிதான், மூக்குக்கு மூக்கு வேற" என்று சொல்லிச் சமாதானப்பட்டுக்கொண்டார். பழைய மிஷின்களில் இலகுவாக ஓடும் என்று பலரும் சொன்ன ஒரு வகையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பென் டிரைவில் ஏற்றி, மிஷினில் இருப்பதைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் அவருக்குத் தைரியம் தந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பென் டிரைவைச் செருகித் திறந்தார். எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. நீளமான வரிசையில் கீழே போகப் போக, தமிழ் என்று தமிழிலேயே எழுதியிருந்தது. அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதுவரைக்கும் இங்கிலீஷ்ல திட்டுச்சு" என்றார் தச்சர். "இனிமே தமிழ்ல திட்டும். புரியறதாச்சும் லாபம்."

எல்லாம் ஓடியது. சுட்டியை நகர்த்தினால் நகர்ந்தது, தன் பழைய இடியைப் போட்டால் இடித்தது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் ஒலிகள் இருந்த ஃபோல்டரை ஒரு ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டார். பழையதை அழித்துவிட்டு இதையே நிறுவட்டுமா என்று அது கேட்டது. உறுதிதானா என்று இன்னொரு முறை கேட்டது. "கேக்கற மரியாதையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டினார்.

சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தபோது மிஷின் புதிதாக விழித்திருந்தது. டப்பென்று திறந்தது, சட்டென்று மூடியது. டீ போட நேரமே இல்லை. ஹார்டு டிஸ்கிலிருந்து ஒலிகளை எல்லாம் உள்ளே கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கதவு இருந்தது, நாய் இருந்தது, மழை இருந்தது. அப்புறம் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்றார் தச்சர்.

"ரயில் போயிடுச்சுங்க."

"எந்த ரயில்? நாம எங்கயும் போறதா இல்லையே?"

ரயில் ஒலியை மட்டும் அவர் ஃபோல்டருக்குள் வைக்கவில்லை. திருத்தித் திருத்திப் பார்ப்பதற்கு வசதியாக, திறந்ததும் தெரிகிற முகப்புத் திரையிலேயே போட்டு வைத்திருந்தார். முகப்பில் இருந்ததைக் காப்பி எடுக்க மறந்துவிட்டார். அது பழைய சிஸ்டத்தோடு சேர்ந்து போய்விட்டது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது; அது கேட்டது, இவர் தட்டினார்.

வேறு யாராக இருந்தாலும் எங்கேயாவது ஒரு ரயில் ஒலியைத் தேடி எடுத்துப் போட்டிருப்பார்கள். அக்காவும் தேடினார். ஒன்றில் ரயில் நிற்கிறது, ஒன்றில் பின்னால் பாட்டு ஒலிக்கிறது, ஒன்று பொம்மை ரயில் போலக் கிறீச்சிடுகிறது. "நாமளே போய்ப் பிடிச்சுட்டு வரலாம்" என்றார். தச்சர் சோபாவுக்கு வைக்கிற பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, காற்று இரையாமல் இருக்க மைக்குக்கு உறை செய்து கொடுத்தார். விடிந்ததும் இரண்டு பேரும் பஸ் பிடித்து, ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

அங்கே நடந்ததைத் தச்சர் எங்களுக்கு நடித்தே காட்டியிருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாராம்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"நிக்காம போற ரயில் வேணும் சார்" என்றார் அக்கா.

"எல்லாரும் நிக்கற ரயிலைத்தாம்மா கேப்பாங்க."

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இங்கேயும் பக்கத்து ஊர்களிலும் நிற்காமல் பறக்கிற ஒரு எக்ஸ்பிரஸ் இருப்பதாகவும், பிளாட்பாரத்தின் கடைசியில், மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றால் நன்றாகக் கேட்கும் என்றும் சொன்னார். எக்ஸ்பிரஸ் வந்தது. அது அவர்களுக்கு நேராக வந்த நொடியில் தச்சர் தும்மினார்.

"அவ முறைச்ச முறைப்புல அந்த ரயிலே நின்னுடும்னு நெனச்சேன்" என்பார் தச்சர்.

எதிர்த்திசையில் இன்னொன்று வரும்வரை காத்திருந்தார்கள். இந்த முறை ஸ்டேஷன் மாஸ்டரே பிளாட்பாரத்தில் நின்றவர்களிடம் வாயில் விரல் வைத்துக் காட்டினார். தச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். தூரத்தில் தண்டவாளம் சிணுங்க ஆரம்பித்து, அது முனகலாகி, முழக்கமாகி, காற்று முகத்தில் அறைந்து, பெட்டி பெட்டியாகக் கடந்து, ரயில் போய்விட்டது. அக்கா மைக்கை இறக்கவில்லை. ரயில் கிளப்பிவிட்ட காய்ந்த இலைகள் பிளாட்பாரத்தில் உரசிக்கொண்டே போய் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசி இலை அடங்கிய பிறகுதான் பொத்தானை அமுக்கினார். பழைய ஒலியில் அந்த இலைகள் இல்லை.

ரயில் கிடைத்துவிட்டது. ஆனால் லேப்டாப்புக்கும் அரங்க ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டுவதற்கென்று அக்காவிடம் ஒரு சவுண்ட் பெட்டி இருக்கிறது. லேப்டாப்பை அதில் இணைத்தால் சத்தம் சட்சட்டென்று பொரிந்தது. ரயில் எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது போல இருந்தது. பழைய சிஸ்டத்தில் அந்தப் பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கொழுந்தனார் வந்து பார்த்துவிட்டு, "சும்மா கிடைக்கறது இப்படித்தான் இருக்கும் அண்ணி" என்றார். அந்த வாரம் முழுக்க அக்கா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மின்னல்கூட வாயைத் திறக்கவில்லை.

லினக்ஸ் பயன்படுத்துகிற தமிழர்கள் கூடிப் பேசுகிற ஒரு இணையக் குழுவை அக்கா கண்டுபிடித்து வைத்திருந்தார். அதுவரை படிப்பதோடு சரி. அந்த வாரம்தான் முதல்முறையாக எழுதினார். "நாடகத்துக்கு ஒலி போடுகிறேன். சவுண்ட் பெட்டியில் போட்டால் பொரிகிறது. என்ன செய்வது?" சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் மூன்று நான்கு பேர் பதில் எழுதிவிட்டார்கள். ஒருவர் பெட்டி எந்த மாடல் என்று கேட்டார், ஒருவர் எதையெதையோ பார்த்துச் சொல்லச் சொன்னார். எங்கேயோ ஒரு ரேடியோவில் வேலை பார்க்கிற ஒரு பெண், விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"உங்க பெட்டிக்கு மூச்சு விட நேரமே தராம மிஷின் சத்தத்தைத் திணிக்குது அக்கா" என்று எழுதினார். "கொஞ்சம் கொஞ்சமா அனுப்பறதுக்குப் பதிலா பெரிய வாயா அனுப்பச் சொல்லணும். இந்த வரியை அப்படியே டைப் பண்ணுங்க."

வீட்டுக்கு வந்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அக்கா தட்டிய முதல் கட்டளை அது. முதல் தடவை எழுத்துப் பிழை. இரண்டாவது தடவை ஒரு இடைவெளி விட்டுப்போனது. மூன்றாவது தடவை மிஷின் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனது. பயந்து பயந்து ரயிலைத் தட்டினார். பொரியல் இல்லை. சுத்தமான இரும்புச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. நாடக ஒலிகளை வரிசைப்படுத்த லினக்ஸுக்கென்றே ஒரு புரோகிராம் இருந்தது. எல்லா ஒலிகளையும் அதில் புதிதாக அடுக்கினார். நாடகத்துக்கு வேண்டாத ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு நீக்கினார். யாருக்கு மெயில் வந்தாலும் மணி அடிக்கக் கூடாது. தானாக எதுவும் இறங்கக் கூடாது. திறந்ததும் கேள்வி கேட்காமல் நேராக நாடகத்தின் வரிசைக்கே வந்து நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குழுவில் யாராவது வழி சொன்னார்கள். மரத்தை இழைப்பது போல இழைத்துக்கொண்டே போனார். கடைசியில் அந்த லேப்டாப்புக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும், அதை மட்டும் நன்றாகச் செய்யும்.

இதற்கிடையில் அதே அரங்கத்திலிருந்து எங்களை மறுபடியும் கூப்பிட்டார்கள். அதே ரயில் நாடகம். அரங்கத்தின் செயலாளர் போனில், "இந்தத் தடவை ரயில் வருமா, இல்ல போர்ட்டர்தான் வருவாரா?" என்று சிரித்தாராம். டைரக்டர் ஒத்திகை முடிந்ததும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன் கொழுந்தன்கிட்ட ஒரு புது மிஷின் வாங்கிப் பக்கத்துல வச்சுக்கலாமா? ஒரு துணைக்கு."

"ரெண்டு மிஷின் இருந்தா நான் ரெண்டையுமே நம்ப மாட்டேன் சார்" என்றார் அக்கா. "என்னை நம்புங்க."

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா மாட்டிக் கொடுத்த லென்ஸ்தான் அது. "சரி" என்றார்.

நாடகத்தன்று கூட்டம் முன்னைவிட அதிகம். ரயில் வருகிறதா என்று பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். கொழுந்தனாரும் வந்திருந்தார். தச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ பெருமையடித்துக்கொண்டிருந்தார். கதவு தட்டப்பட வேண்டிய இடத்தில் தட்டப்பட்டது, நாய் குரைக்க வேண்டிய இடத்தில் குரைத்தது. கடைசிக் காட்சிக்கு முன்னால் மேடை இருண்டது. நர்ஸம்மா இருட்டில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அப்போது ஹெட்போனில் மின்னலின் குரல்: "ஐயோ."

"என்ன ஐயோ?" என்றேன்.

"கால் பட்டுடுச்சு. வயர் புடுங்கிக்கிச்சு. அக்கா மிஷின் அணைஞ்சுடுச்சு."

என் கையில் வசனத் தாள்கள்தான் இருந்தன. எடுத்துக் கொடுக்க அவற்றில் வசனம் இல்லை. எதிர்ப்பக்கத்தில் போர்ட்டர் வேஷக்காரர் என்னைப் பார்த்தார். நான் கையைக் கூப்பி, வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"யாரும் பேசாதீங்க" என்றார் அக்கா. குரலில் பதற்றமே இல்லை. வயரைச் செருகிப் பொத்தானை அமுக்குகிற சத்தம் கேட்டது. "லைட்டை மெதுவா ஏத்துங்க."

"எவ்வளவு மெதுவா?" என்றார் மின்னல்.

"விடியற மாதிரி."

மேடையின் ஒரு ஓரத்தில் சாம்பல் நிறமாக ஒரு வெளிச்சம் கசிந்தது. ஒத்திகையில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததே கிடையாது. நர்ஸம்மாவுக்கு ஏதோ நடக்கிறது என்று புரிந்துவிட்டது. அவர் எழுந்து நிற்கவில்லை. செருப்பைக் கழற்றி, அதற்குள் இருந்த மண்ணைத் தட்டி, திரும்பப் போட்டுக்கொண்டார். மகன் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒத்திகை பார்ப்பதுபோலத் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். வெளிச்சம் மஞ்சளாகி, பெஞ்சின் காலைத் தொட்டு, அவர் மடிக்கு ஏறியது. அரங்கத்தில் இருந்த யாருக்குமே தெரியவில்லை, மேலே ஒரு மிஷின் உயிர் பெற்றுக்கொண்டிருக்கிறது என்று.

பழைய சிஸ்டமாக இருந்தால் அது கண் விழிப்பதற்குள் நாங்கள் மேடையைக் கழுவியே விட்டிருக்கலாம். ஹெட்போனில் அக்கா மூச்சு விடுவது கேட்டது. நாலைந்து மூச்சுக்குள்ளேயே,

"வந்துடுச்சு" என்றார். "வரிசைலயே வந்து நிக்குது. அவங்க கையைத் தூக்கட்டும்."

நான் திரை ஓரத்திலிருந்து நர்ஸம்மாவைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் எழுந்தார். தண்டவாளம் சிணுங்கியது. கையைத் தூக்கினார்.

அரங்கத்தின் பின்னாலிருந்து ரயில் வந்தது. கடைசி வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவர் நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பலகைத் தரை என் காலுக்கடியில் அதிர்ந்தது. பெட்டி பெட்டியாக, நிற்காமல், இரக்கமில்லாமல், அது அந்த அம்மாவைக் கடந்து போனது. நர்ஸம்மாவின் கை அப்படியே நின்றது. ரயில் போன பிறகு, அந்தப் பெரிய அமைதியில், காய்ந்த இலைகள் உரசி உரசி ஒவ்வொன்றாக அடங்கின. கடைசி இலையோடு அவர் கையும் இறங்கியது.

திரை மூடியதும் எங்கேயோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். அப்புறம் எழுந்து நின்று தட்டினார்கள். நாங்கள் திரையைத் திறந்து கும்பிட்டு, மூடி, மறுபடியும் திறக்க வேண்டியிருந்தது. டைரக்டர் மேடை நடுவில் நின்று கண்ட்ரோல் அறையின் ஜன்னலைக் கை நீட்டிக் காட்டினார். கூட்டம் முழுக்கத் திரும்பியது. ஜன்னலில் இடி அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் வணக்கம் வைத்தார். பக்கத்தில் மின்னல் குனிந்து ஒளிந்துகொண்டார்.

நர்ஸம்மா மேக்கப்கூடக் கலைக்காமல் படியேறி ஓடி, அக்காவைக் கட்டிக்கொண்டார். "அந்தக் காத்து என் முகத்துல அடிச்சுதுக்கா, சத்தியமா." டைரக்டர் கூட்டம் எல்லாம் போன பிறகு வந்தார். "எனக்காக இன்னொரு தடவை போடும்மா" என்று கேட்டுவிட்டு, காலி அரங்கத்தில் கடைசி வரிசையில் போய்த் தனியாக உட்கார்ந்தார். அக்கா போட்டார். அந்த ரயிலை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"என் கால்தான்" என்றார் மின்னல், எல்லோரும் இறங்கிப்போன பிறகு. நான் ஹெட்போனைக் கழற்ற மறந்திருந்தேன்.

"தெரியும்."

"டைரக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"எதுக்கு? அந்த விடியல் நல்லா இருந்துச்சு. இனிமே அப்படியே வச்சுக்குங்க."

அந்த விடியல் நாடகத்தில் நிலைத்துவிட்டது. செருப்பில் மண் தட்டுவதும் நிலைத்துவிட்டது. போன ஊரில் எல்லாம் அந்த இடத்தைத்தான் சொல்லிச் சொல்லி மெச்சுகிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார், தூக்கிப்போட வைத்திருந்த இரண்டு பழைய லேப்டாப்களோடு வந்து நின்றார். "என் வியாபாரத்துல மண்ணைப் போட்டுட்டீங்க அண்ணி. சரி, இதுக்கும் அதைப் போட்டுக் காட்டுங்க, பாக்கலாம்." இப்போது அவர் கடையில் இப்படி மாற்றிய லேப்டாப்களுக்கென்றே ஒரு அலமாரி இருக்கிறது. "பழையது, ஆனால் ஓடும்" என்று அவரே அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார். மகளுக்கு ஒன்று வேண்டும் என்று வந்த போர்ட்டர் வேஷக்காரருக்கு அக்கா நேரடியாகவே செய்து கொடுத்தார். கண்ணாடிக் கடை முதலாளியும் பில் போடுகிற மிஷினை மாற்றச் சொன்னார். அது மாறிவிட்டது, அதோடு இருந்த பிரிண்டர் மட்டும் இன்றுவரை அக்காவுக்குப் பணியவில்லை. அதைப் பற்றி அவரிடம் கேட்காமல் இருப்பது நல்லது.

இணையக் குழுவில் இப்போது அக்கா கேள்வி கேட்பதைவிடப் பதில் சொல்வதுதான் அதிகம். ரேடியோவில் வேலை பார்க்கிற அந்தப் பெண் ஒரு தடவை எங்கள் ஊர்ப் பக்கம் வந்தபோது நாடகம் பார்க்க வந்திருந்தார். இரண்டு பேரும் முதல்முறை நேரில் பார்த்து, இரண்டு மணி நேரம் சவுண்ட் பெட்டியைப் பற்றியே பேசினார்கள். தச்சர் அவ்வளவு நேரமும் பஜ்ஜி வாங்கப் போகிறேன் என்று காணாமல் போய்விட்டார்.

டைரக்டர் இப்போது புது நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறார். புயலில் மாட்டிக்கொண்ட ஒரு படகு. முதல் வாசிப்புக்கு உட்கார்ந்தோம். பக்கத்துக்குப் பக்கம் கடல் இரைகிறது, பாய் கிழிகிறது, பலகை முறிகிறது, பறவைகள் கத்துகின்றன, தூரத்தில் சங்கு ஊதுகிறது. கதாநாயகன் தன் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"சார், இதுல நான் எங்க பேசறது?"

"அக்கா மூச்சு விடறப்ப பேசிக்கோப்பா" என்றார் டைரக்டர்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தச்சரிடம் குனிந்து, கடலுக்குப் போவதற்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.